குருதிப் பொதிகளும் எலும்பின் தேய்வும்

மக்கள் உடம்பில் மிக உறுதியான பொருள் யாது என வினவின், எலும்பே என்று சிறுவரும் விடை கூறுவர். தசை தளரும்; தோல் சுருங்கும்; கண் மங்கும். எலும்போ மாந்தர் மறைந்து பன்னூறாண்டு கழிந்த பின்னும் மண்ணிற் கிடந்து காணப்படுகின்றது. ஆதலின் அதனை வீட்டிற்கு நாட்டிய தூண்போல, ஒருமுறை அமைந்தபின் மாறாது நிற்கும் பொருளென நாம் கருதிவிடுகின்றோம். இக்கருத்துப் பிழையானது என்பதையும், அப்பிழை நீங்குமிடத்து முதுமையைப் பற்றிய ஒரு பெரிய உண்மை புலப்படுகின்றது என்பதையும் இக்கட்டுரையிற் கூற விரும்புகின்றோம்.

சில ஆண்டுகட்கு முன் நம் இல்லத்துப் பாட்டியார் கொல்லைப்புறப் படியினின்றும் கால் வழுவி வீழ்ந்தார். வீழ்ந்த உயரம் ஒரு முழத்திற்கு மேற்படாது. ஆயினும் அவர்தம் இடுப்பெலும்பு முறிந்தது. மருத்துவர் எக்ஸ்கதிர்ப் படத்தை விளக்கின்முன் பிடித்துக் காட்டி, “எலும்பு பஞ்சுபோலாகிவிட்டது, வயதாயிற்று, சுண்ணாம்புச் சத்துப் போதவில்லை” என்றார். அவர் கூறியது தவறன்று. எனினும் பாட்டியாரின் தமக்கையார், அவரினும் ஐந்தாண்டு மூத்தவர், அதே அடுக்களையில் உண்டு, அதே முற்றத்து வெயிலில் அமர்ந்து வாழ்ந்தவர். இருமுறை வீழ்ந்தும் எலும்பு முறியப் பெறாதவர். வயதும் உணவும் மட்டுமே காரணமாயின் இவ்வேறுபாடு எங்ஙனம் நேர்ந்தது? அன்று எழுந்த இவ்வினாவே நம்மை இப்பொருள் பற்றிக் கற்கத் தூண்டிற்று.

முதற்கண் எலும்பு இன்னதென அறிதல் வேண்டும். நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திற் செய்யத்தக்க எளிய சோதனைகள் இரண்டு உள. கோழியின் காலெலும்பொன்றை நீர் கலந்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்திற் சில நாள் ஊறவைத்தால், அதன் வடிவு மாறாதிருப்பினும், கயிறுபோல வளைக்கத் தக்கதாகிவிடும். மற்றோர் எலும்பைத் தீயிலிட்டு நன்கு சுட்டால், அதுவும் வடிவு மாறாது நிற்கும். ஆயின் விரலால் தொட்ட அளவில் நொறுங்கும். முன்னதில் நீங்கியது கால்சியமும் பாஸ்பரமும் கூடிய உப்பு. பின்னதில் எரிந்தொழிந்தது கொலாஜன் என்னும் நார்ப்புரதம். உப்பு வலிமையைத் தர, நார் நெகிழ்ச்சியைத் தர, இரண்டும் பின்னி அமைந்ததே எலும்பாம். நம் உடம்பிலுள்ள கால்சியத்தில் 100க்கு 99 பங்கு எலும்பிலும் பல்லிலுமே சேமித்து வைக்கப்பட்டுள்ளது.

இவ்வெலும்பு உயிருள்ளது என்பது தற்செயலாகவே முதலில் விளங்கிற்று. இங்கிலாந்தில் ஜான் பெல்ச்சியர் என்னும் அறுவை மருத்துவர், துணிக்குச் சாயம் ஏற்றும் ஒருவர் இல்லத்தில் விருந்துண்ணும்பொழுது, இலையிலிட்ட பன்றியிறைச்சியின் எலும்பு செந்நிறமாயிருத்தலைக் கண்டு வியந்தார். சாயத் தொட்டியில் மஞ்சிட்டி இனத்து வேரோடு கலந்த தவிட்டை அப்பன்றிகள் உண்டன என்பது பின்னர்த் தெரியவந்தது. இதனை அவர் 1736ஆம் ஆண்டில் எழுதி வெளியிட்டார். உண்ட சாயம் எலும்பிற் சென்று படிகின்றதெனின், எலும்பு நாடோறும் புதிதாக அமைந்துகொண்டிருத்தல் வேண்டும் அன்றோ? அந்நூற்றாண்டிலேயே ஜான் ஹன்டர் முதலியோர் இச்சாய முறையைக் கொண்டு ஆராய்ந்து, எலும்பில் ஒருபால் ஆக்கமும் ஒருபால் அழிவும் ஒருங்கே நிகழ்கின்றன என்று தெளிந்தனர்.

இவ்விரு தொழில்களையும் செய்வோர் யாவர்? எலும்பினுள் மூவகை உயிரணுக்கள் உள. ஆஸ்டியோகிளாஸ்ட் என்பது எலும்பைக் கரைத்துக் குழி செய்வது. அதனைச் ‘சிதைப்பணு’ என்போம். ஆஸ்டியோபிளாஸ்ட் என்பது அக்குழியை நிரப்பிப் புத்தெலும்பு செய்வது. அதனை ‘ஆக்கவணு’ என்போம். மூன்றாவதாகிய ஆஸ்டியோசைட் எலும்பினுள்ளேயே புதைந்து வாழ்ந்து, உடம்பின் சுமையையும் அசைவையும் உணர்ந்து ஏனையோர்க்கு அறிவிப்பது. அதனை ‘உறையணு’ என்போம். எலும்பிலுள்ள உயிரணுக்களுள் 100க்கு 90க்கு மேற்பட்டவை இவ்வுறையணுக்களே. சிதைப்பணுக்கள் ஓரிடத்திற் சில வாரங்களிற் செய்த குழியை நிரப்ப ஆக்கவணுக்கட்குச் சில மாதங்கள் வேண்டும். இடிப்பது எளிது, கட்டுவது அரிது என்பது இங்கும் மெய்யாகின்றது. இவ்வாறு வளர்ந்தோர் உடம்பில் ஆண்டுதோறும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு எலும்பு பழையது கழிந்து புதியதாகின்றது.

இதனை ஓர் இல்லத்தின் வரவு செலவுக் கணக்கிற்கு ஒப்பிடலாம். இளமையில் வரவு மிகுதி. ஏறத்தாழ 30 வயதளவில் சேமிப்பு உச்சநிலை அடைகின்றது. பின்னர்ச் சிலகாலம் வரவும் செலவும் ஒத்து நிற்கும். அதன்பின் செலவு சிறிது சிறிதாக மேற்படும். குழி முழுதும் நிரம்பாது எஞ்சும். அவ்வெச்சங்கள் ஆண்டாண்டாகச் சேர்ந்து எலும்பைப் புரையுடையதாக்கும். இதுவே எலும்புப்புரை நோய். இதில் நோவு தோன்றாது, காய்ச்சல் இராது, முறிவு நேரும் வரை நோயென்றே எவரும் அறியார். 50 வயது கடந்த மகளிரில் மூவருள் ஒருவர்க்கும், ஆடவரில் ஐவருள் ஒருவர்க்கும் இந்நோயால் எலும்பு முறிவு நேரும் என்று மதிப்பிட்டுள்ளனர். இடுப்பெலும்பு முறிந்த முதியோரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவர் ஓராண்டிற்குள் இறந்துபடுகின்றனர் என்று பல நாட்டுக் கணக்குகள் கூறுகின்றன. ஆதலின் இது சிறு நோயன்று.

1941ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரத்து மருத்துவர் புல்லர் ஆல்பிரைட், மாதவிடாய் நின்ற மகளிர்க்கு இந்நோய் மிகுதலை எடுத்துக்காட்டி, ஈஸ்ட்ரொஜன் என்னும் சுரப்புநீர் குறைதலே அதற்குக் காரணமென விளக்கினார். சுண்ணாம்பு குறைந்தமையாலன்று, எலும்பு செய்யும் தொழிலுக்கு ஏவல் குறைந்தமையால் எலும்பு தேய்தலும் உண்டு என்னும் கருத்து இதனால் வேரூன்றிற்று. 1997, 1998ஆம் ஆண்டுகளில் மற்றொரு செய்தி வெளியாயிற்று. சிதைப்பணு தானே தோன்றித் தன் விருப்பப்படி எலும்பைக் கரைப்பதன்று; ஆக்கவணுவும் உறையணுவும் ‘ராங்கெல்’ என்னும் ஒரு புரதத்தைக் காட்டி அழைத்த பின்னரே அது உருப்பெறும். அவ்வழைப்பை ஏற்கும் செவி ‘ராங்க்’ என்னும் மற்றொரு புரதம். அழைப்பு மிகாதபடி இடைநின்று தடுப்பதும் ஒரு புரதமே. இவ்வறிவின் பயனாக ராங்கெல்லைத் தடுக்கும் டெனோசுமாப் என்னும் மருந்து 2010ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. எனவே எலும்பின் நலம் உயிரணுக்களின் உரையாடலைப் பொறுத்தது என்பது பெறப்பட்டது.

இவ்வுரையாடல் அண்டை அயலில் மட்டும் நிகழ்வதா? உடம்பெங்கும் ஓடும் குருதிக்கும் இதிற் பங்குண்டா? இவ்வினாவிற்கு விடைபோலத் தோன்றும் ஒரு சோதனையை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மக்கே என்பவர் 1950க்குப் பின்வந்த ஆண்டுகளிற் செய்தார். கிழ எலி ஒன்றையும் இள எலி ஒன்றையும் விலாப்புறத்தில் இணைத்துத் தைத்து, இரண்டிற்கும் குருதியோட்டம் பொதுவாகுமாறு செய்தார். சில மாதங்கள் சென்றபின் ஆராய்ந்தபொழுது, கிழ எலியின் எலும்பு எடையிலும் அடர்த்தியிலும் இள எலியின் எலும்பை ஒத்துவரக் கண்டார். 2015ஆம் ஆண்டில் பெஞ்சமின் ஆல்மனும் அவருடன் உழைத்தோரும் சுண்டெலிகளில் இம்முறையைக் கையாண்டு, இளங்குருதியோடு இணைந்த முதிய சுண்டெலியின் முறிந்த எலும்பு செவ்வையாகப் பொருந்துவதை மெய்ப்பித்தனர். ஆகவே குருதியில் இளமைக்கும் முதுமைக்கும் உரிய ஏதோ ஒன்று இயங்குகின்றது என்பது தெளிவு. அஃது ஒன்றேயன்று, குருதியணுக்களும், சுரப்புநீர்களும், புரதங்களும் அதில் உள. அவற்றோடு சேர்த்து எண்ணவேண்டிய மற்றொன்றே நாம் கூறவந்த நுண்பொதியாகும்.

அந்நுண்பொதி கண்டறியப்பட்ட வரலாறு சுவையுடையது. போலந்தில் பிறந்து கனடாவில் வளர்ந்த ரோஸ் ஜான்ஸ்டன் அம்மையார் மான்ட்ரியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியல் பேராசிரியராயிருந்தவர். குருதியிலுள்ள செவ்வணு முதிரும்பொழுது, இரும்பை உட்கொள்ளுதற்குத் தான் வைத்திருந்த வாயிற்புரதத்தை இழந்துவிடுகின்றது. அது யாங்குச் செல்கின்றது? ஆட்டின் குருதியைக் கொண்டு ஆராய்ந்த ஜான்ஸ்டனும் அவர் மாணவர் பானும், அப்புரதம் மிகச்சிறு பைகளில் அடைபட்டு வெளியே தள்ளப்படுகின்றது என 1983ஆம் ஆண்டிற் கண்டனர். அதே ஆண்டில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் ஹார்டிங், ஹாய்சர், ஸ்டால் என்னும் மூவர், எலியின் குருதியிலிருந்து அம்முடிபையே தனித்து எய்தினர். இப்பைகட்கு ‘எக்ஸோஸோம்’ என்னும் பெயரை 1987ஆம் ஆண்டில் ஜான்ஸ்டன் வழங்கினார்.

இப்பைகள் எங்ஙனம் அமைகின்றன என்பதைச் சுருங்கக் கூறுவோம். உயிரணுவினுள்ளே ஓர் அறை தோன்றும். அவ்வறையின் சுவர் உட்குழிந்து, பல சிறு குமிழிகள் அதனுள் உதிரும். இக்குமிழிகள் நிறைந்த அறை உயிரணுவின் புறச்சவ்வோடு சென்று பொருந்தித் திறந்துகொள்ளும். குமிழிகள் வெளியே சிந்தும். அக்குமிழிகளே எக்ஸோஸோம்கள். ஒவ்வொன்றின் அளவும் ஒரு மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கு அளவினது. அதனினும் சிறியனவும் சற்றுப் பெரியனவும் உண்டு. சாதாரணப் பூதக்கண்ணாடிக்கு அவை புலனாகா. மின்னணு நுண்ணோக்கியே அவற்றின் உருவைக் காட்டவல்லது. ஒரு துளிக் குருதியிலும் அவை எண்ணற்றன உள.

நெடுங்காலம் இவற்றை உயிரணு கழித்தெறியும் குப்பையென்றே பலரும் கருதினர். 1996ஆம் ஆண்டில் ராபோஸோ அம்மையாரும் அவர் குழுவினரும், நோய்தடுக்கும் வெள்ளணுக்கள் இப்பைகளின் மேற்புறத்தில் பகைப்பொருளின் துண்டை ஏந்தி அனுப்பிப் பிற அணுக்களை எழுப்புகின்றன என்று காட்டினர். 2007ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கோட்டன்பர்க் நகரத்தில் வலாதி, லோட்வால் முதலியோர், இப்பைகளுக்குள் ஆர்.என்.ஏ. இருத்தலைக் கண்டனர். சுண்டெலியின் உயிரணு வெளியிட்ட பைகளை மனித உயிரணுவின்பால் சேர்த்தபொழுது, மனித உயிரணு சுண்டெலிக்குரிய புரதங்களைச் செய்யத் தொடங்கிற்று! குப்பையென எண்ணப்பட்டது முத்திரையிட்ட ஓலையாயிற்று. ஓர் அணு எழுதுகின்றது. குருதி சுமந்து செல்கின்றது. தொலைவிலுள்ள மற்றோர் அணு பிரித்துப் படித்து, அதன்படி நடக்கின்றது.

இவ்வோலைகளிற் காணப்படும் எழுத்துகளுள் முதன்மையானது மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது. இதனை 1993ஆம் ஆண்டில் ஒரு சிறு புழுவிற் கண்டவர்களாகிய விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன் ஆகிய இருவரும் 2024ஆம் ஆண்டின் நோபெல் பரிசைப் பெற்றனர். ஏறத்தாழ 22 எழுத்துகளே கொண்ட இச்சிறு இழை எப்புரதத்தையும் தான் செய்வதன்று. ‘இன்ன புரதத்தைச் செய்க’ என்னும் கட்டளை உயிரணுவினுள் எழும்பொழுது, அக்கட்டளையோடு சென்று ஒட்டி, அதனை நிறைவேறாமற் செய்வதே இதன் தொழில். எனவே இதனை ஒரு தடையாணை எனலாம்.

இனி எலும்பிற்கு வருவோம். ஹாங்காங் நகரத்து ஆராய்ச்சியாளர் முதலியோர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இத்துறையிற் குறிப்பிடத்தக்கது. எலும்பு முறிந்த முதிய மகளிரின் சிதைப்பணுக்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ. 214 என்னும் இழை மிகுந்திருந்தது. அவ்விழை குருதியிலுள்ள நுண்பொதிகளிலும் மிகுந்திருந்தது. அதற்கேற்ப அம்மகளிரின் எலும்பாக்கம் குறைந்திருந்தது. சுண்டெலிகளின் சிதைப்பணுக்களில் மட்டும் அவ்விழையை மிகுவித்தபொழுது, அது பொதிகளின் வழியே ஆக்கவணுக்களை அடைந்து, எலும்பு செய்தற்கு இன்றியமையாததொரு புரதம் தோன்றாதபடி தடுத்தது. சிதைப்பணுவில் அவ்விழையை அடக்கியபொழுது எலும்பாக்கம் மீண்டது. இடிப்பவன் தான் இடிப்பதோடு நில்லாது, கட்டுபவனுக்குப் ‘பணியை நிறுத்துக’ என்று பொய்யோலையும் விடுத்தான் என்பது இதன் பொருள்.

ஆயின் சிதைப்பணுவை முழுப்பகைவனாக எண்ணுதல் நேரிதன்று. 2018ஆம் ஆண்டில் ஜப்பானின் டோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் இதற்கு மறுதலையான ஒன்றைக் கண்டனர். முதிர்ச்சியுறும் சிதைப்பணு தன் செவியாகிய ராங்க் புரதத்தை நுண்பொதிகளின்மேல் ஏற்றி வெளிவிடுகின்றது. அது சென்று ஆக்கவணுவின் ராங்கெல்லைத் தொட்டவுடன், ஆக்கவணு விழித்தெழுந்து எலும்பு செய்யத் தொடங்குகின்றது. ‘எம் பணி முடிந்தது, இனி நீர் வருக’ என்னும் நல்லோலை அது. ஆகவே ஒரே உயிரணு, ஒரே வகைப் பொதியால், ஆக்குக என்றும் சொல்லக்கூடும்; ஆக்கற்க என்றும் சொல்லக்கூடும். பொதியினுள் இருப்பது யாது என்பதே நலத்தையும் நோயையும் வகுக்கின்றது. நோயில் ஓலைகளின் தொகை மாறினும் மாறுக. அதனினும் கேடு தருவது அவற்றின் வாசகம் மாறுதலே.

முதுமையில் வாசகம் மாறுகின்றதா? ஆஸ்திரியா நாட்டு வியன்னா நகரத்தோர் 2016ஆம் ஆண்டில் வெளியிட்ட இரண்டு ஆய்வுகள் இதற்கு விடை தருகின்றன. இளையோர் குருதியினின்று பிரித்த பொதிகளை மூல அணுக்களோடு சேர்த்தால், அவை எலும்பணுவாக மாறுதற்கு நல்ல தூண்டுதல் பெறுகின்றன. முதியோர் குருதிப் பொதிகளுக்கு அவ்வாற்றல் குறைவு. காலெக்டின் 3 என்னும் புரதம் முதியோரின் பொதிகளிற் குறைந்திருத்தல் அதற்கு ஒரு காரணமென அறிந்தனர். இஃது ஊக்கவுரை குறைந்தமை. மற்றோர் ஆய்வில், முதுமையுற்ற இரத்தக்குழாயின் உட்சுவரணுக்கள் மைக்ரோ ஆர்.என்.ஏ. 31 என்னும் தடையாணையைப் பொதிகளில் அனுப்பி, மூல அணுக்கள் எலும்பணுவாக மாறுவதைத் தடுக்கின்றன என்றும், முதியோர் குருதியிலும் எலும்புப்புரை நோயாளர் குருதியிலும் அது மிகுந்துள்ளது என்றும் கண்டனர். இது தடையுரை மிகுந்தமை. எலும்பு மஜ்ஜையிலுள்ள மூல அணு எலும்பணுவாகவும் ஆகக்கூடும், கொழுப்பணுவாகவும் ஆகக்கூடும். முதியோர் மஜ்ஜையில் எலும்பு குன்றிக் கொழுப்பு மலிவதை நோக்குங்கால் இச்செய்தியின் முதன்மை விளங்கும். மேலும், குற்றம் எலும்பினது மட்டுமன்று. முதிர்ந்த இரத்தக்குழாயும் எலும்பின் தேய்விற் பங்குகொள்ளக்கூடும் என்பதும் பெறப்படுகின்றது.

நம் பாட்டியாரையும் அவர் தமக்கையாரையும் பற்றிய வினாவிற்கு மிக அணுகிவருவது, 2018ஆம் ஆண்டில் சீன நாட்டு ஆராய்ச்சியாளர் வெளியிட்ட ஆய்வாகும். அவர்கள் முதியோரை மூன்று வகுப்பினராகப் பிரித்தனர். எலும்புப்புரை முற்றியோர் ஒருவகை. எலும்பு சிறிது குறைந்தோர் ஒருவகை. வயது முதிர்ந்தும் எலும்பு நலமாயிருந்தோர் ஒருவகை. மூவகையாரின் குருதிப் பொதிகளையும் தனித்தனியே எடுத்து எலும்பணுக்களோடு சேர்த்துப் பார்த்தனர். நோய் முற்றியோரின் பொதிகள் ஆக்கத்தைத் தடுத்துச் சிதைவை ஊக்கின. எலும்பு சிறிது குறைந்தோரின் பொதிகள் ஆக்கம், சிதைவு ஆகிய இரண்டனையும் ஊக்கின. உடம்பு தன் இழப்பை ஈடுசெய்ய முயல்வது போலும் இது. நலமுற்ற முதியோரின் பொதிகளோ எலும்பணுக்கள் தம் இடத்திற் பற்றி நிற்றற்கும், முதுமையால் விளையும் தீங்கைத் தாங்குதற்கும் துணைசெய்வனவாகக் காணப்பட்டன. மூவகையாரும் முதியோரே, ஆயினும் அவர்தம் குருதியிற் செல்லும் செய்திகள் ஒன்றல்ல. முதுமை ஒரே வகையினதன்று என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

எனினும் இவ்விடத்தில் எச்சரிக்கையோடு பேசுதல் கடமையாம். முதலாவது, குருதியினின்று இப்பொதிகளைத் தூயனவாகப் பிரித்தல் எளிதன்று. புவியீர்ப்பினும் இலட்சம் மடங்கு விசையோடு சுழலும் பொறியிலிட்டுப் பிரிப்பது பழைய வழக்கு. அங்ஙனம் பிரித்தாலும் கொழுப்பைச் சுமக்கும் துகள்களும் உடன்வந்து சேர்கின்றன. குருதியை உறையவிட்டுத் தெளிநீர் எடுக்குமிடத்து, உறைதற்கு உதவும் தட்டணுக்கள் அந்நேரத்தில் புதிய பொதிகளைச் சிந்திக் கணக்கைக் கெடுக்கின்றன. உயிரணுவின் உள்ளறையிலிருந்து வந்த பொதி எது, புறச்சவ்வினின்று கிள்ளப்பட்ட பொதி எது எனப் பிரித்தறிதலும் அரிது. ஆதலின் அறிஞர் பலர் எக்ஸோஸோம் என்னும் பெயரை விடுத்து, ‘உயிரணுப் புறப்பொதிகள்’ என்னும் பொதுப்பெயரையே விரும்புகின்றனர். இரண்டாவது, பொதி மாறியமையால் எலும்பு தேய்ந்ததா, எலும்பு தேய்ந்தமையால் பொதி மாறியதா என்பதை மனிதரிடத்து முடிவாகக் கூறுதற்கு, ஒருவரையே பல்லாண்டு தொடர்ந்து நோக்குதல் வேண்டும். சுண்டெலியில் விளங்கிய காரணம் மனிதரிடத்தும் அவ்வாறே நிற்குமெனத் துணிதல் கூடாது.

இவ்வெச்சரிக்கை வெறும் ஏட்டளவினதன்று. ஆராய்ச்சி முற்றுமுன்னரே ஆசைகாட்டி விற்போர் தோன்றிவிட்டனர். எக்ஸோஸோம் அடங்கிய நீரை ஊசியால் ஏற்றி மூட்டு நோயும் முதுமையும் போக்குவோம் எனப் பல நாடுகளில் விளம்பரம் செய்கின்றனர். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் அவ்வாறு ஊசி பெற்றோர்க்குக் கடுந்தீங்கு நேர்ந்தமையால், 2019ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் அந்நாட்டு உணவு மருந்து ஆணையம் பொதுமக்கட்கு எச்சரிக்கை விடுத்தது. எக்ஸோஸோம் மருந்து எதற்கும் தாம் அதுவரை ஒப்புதல் அளித்ததில்லை என்றும் தெரிவித்தது. யார் எழுதிய ஓலை, யாது வாசகம் என்று அறியாமலே, ஊரிலுள்ள எல்லார்க்கும் அதனை அனுப்புவது எத்துணை அறியாமை! ஆக்குக என்னும் ஓலையும் ஆக்கற்க என்னும் ஓலையும் புறத்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருத்தலை மேலே கண்டோமல்லமோ?

ஆராய்ச்சியினின்று நாம் நேர்மையாக எதிர்பார்க்கத் தக்கவை இரண்டு. ஒன்று, முன்னறிதல். உலக சுகாதார நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வகுத்த அளவின்படி, இளமகளிரின் சராசரி எலும்படர்த்தியினின்றும் 2.5 திட்டவிலக்கமோ அதற்கு மேலோ குறைந்திருப்பின் எலும்புப்புரை எனக் கொள்ளப்படும். ஆயின் இவ்வளவு, செலவாகிப்போன பின் எஞ்சிய கையிருப்பையே காட்டுவது. பொதிகளின் வாசகத்தைப் படிக்கக் கற்றால், செலவு மிகத் தொடங்கும் காலத்திலேயே அறிதல் கூடும். பாட்டியாருக்கும் தமக்கையாருக்கும் உள்ள வேற்றுமையைப் படியில் வழுவி வீழுமுன்னரே காணுதல் கூடும். மற்றொன்று, மருந்தை உரிய இடத்திற்கே கொண்டுசேர்த்தல். பொதிகள் இயல்பாகவே தூது செல்வன ஆதலின், நல்ல வாசகத்தை அவற்றிலடைத்து எலும்பிற்கு அனுப்பும் முயற்சி சுண்டெலிகளில் நடைபெற்று வருகின்றது.

அதுகாறும் நாம் செய்யக்கூடியது ஒன்றுமில்லையோ எனின், உண்டு. நடத்தலும், படியேறுதலும், அளவறிந்து சுமை தூக்குதலும் உறையணுக்களை விழிப்பூட்டும். கால்சியமும் புரதமும் உணவில் வேண்டும். வைட்டமின் டி தோலில் அமைதற்கு வெயில் வேண்டும். புகையிலையும் மிகுகுடியும் எலும்பிற்குப் பகை. 30 வயதிற்குட் சேர்த்த எலும்பே பின்னாளில் முதலாக உதவுமாகலின், இது முதியோர்க்கு மட்டும் உரிய அறிவுரையன்று. இவ்விதழைக் கையிலேந்தும் மாணவ மாணவியர்க்கே முதற்கண் உரியது. முதியோருள்ள இல்லங்களில் ஈரமான தரையைத் துடைத்து வைத்தலும், படியருகே கைப்பிடி அமைத்தலும், இரவில் விளக்கிடுதலும் எம்மருந்திற்கும் குறைந்தனவல்ல. முறிவு ஒருமுறை நேர்ந்தபின் மருத்துவரிடம் எலும்பின் அடர்த்தியை அளந்தறிந்து, தக்க மருந்து பெறுதல் வேண்டும். ‘வயதாயிற்று’ என்று கைவிடுதல் கூடாது.

நம் பாட்டியார் கோலூன்றி மீண்டும் நடந்தார். எனினும் கொல்லைப்புறத்திற்குத் தனியே செல்லுதல் அதன்பின் இல்லை. அப்படியருகே கைப்பிடி இட்டது அவர் வீழ்ந்த பின்னரே. அன்று மருத்துவரிடம் கேட்ட வினாவிற்கு முழுவிடை இன்னும் கிடைத்திலது. பாதி விடையே கிடைத்துள்ளது. செவ்வணு கழித்தெறிந்த குப்பையைக் குப்பையென ஒதுக்காது, அது யாங்குச் சென்றதெனத் தேடிய ஒரு பேராசிரியராலும் அவர் மாணவராலும் அப்பாதி விடைக்கு வழி பிறந்தது. எஞ்சிய பாதியைத் தேடுவோர் நம் கல்லூரி வகுப்புகளிலும் இன்று அமர்ந்திருக்கலாம். அவர்கள் தேடுக, அதற்கிடையில், தம் வீட்டுப் படியருகே ஒரு கைப்பிடியும் அமைத்து வைப்பாராக.